ஃபோர்டைஸ் பரல்கள்: இயல்பான சுரப்பிக்கு வந்த நோய்ப் பெயர்

ஃபோர்டைஸ் பரல்கள் என்பவை உதடு, கன்னத்தின் உட்புறம், ஆண்குறித் தண்டு, விதைப்பை ஆகிய இடங்களில் வெளியே தெரியும் நெய்ச்சுரப்பிகள் ஆகும். 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவில், வெளிர்மஞ்சள் நிறத்தில் இருக்கும். தோலை இழுத்துப் பிடித்தால் நன்றாகத் தெரியும். நெய்ச்சுரப்பி பொதுவாக மயிர்க்காலுடன் சேர்ந்தே இருக்கும். அது சுரக்கும் நெய் மயிர்க்கால் வழியே வெளிவந்து தோலை வறளாமல் காக்கிறது. மயிர்க்கால் இல்லாத இடத்தில் சுரப்பி நேராகத் தோலில் திறப்பதால் தனிப் பரலாகத் தோன்றுகிறது. பருவ வயதில் ஆண்பால் இயக்குநீரால் இவை பெருக்கின்றன. அப்போதுதான் முதன்முதலாகக் கண்ணில் படுவதால், புதிதாக ஏதோ தொற்றிவிட்டது என்று இளைஞர்கள் அஞ்சுகின்றனர்.

இவ்வச்சத்திற்குப் பெயரும் ஒரு காரணம். உதட்டில் இத்தகைய சுரப்பிகள் உண்டு என்பதைச் சுவிட்சர்லாந்து உடற்கூற்றறிஞர் கோலிக்கர் 1861இலேயே விவரித்துவிட்டார். ஆனால் 1896இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜான் அடிசன் ஃபோர்டைஸ், உதட்டிலும் வாயிலும் கண்ட பரல்களை ஒரு விசித்திரமான பாதிப்பு என்றே தம் கட்டுரைத் தலைப்பில் குறித்தார். ‘ஃபோர்டைஸ் நோய்’ என்ற பெயர் நிலைத்தது. பின்னர் ஆண்குறியில் காணும் அதே சுரப்பிகளுக்கும் அப்பெயரே வந்து சேர்ந்தது. ஆரோக்கியமான ஓர் உறுப்புக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்தது கெடுவாய்ப்பே.

மொட்டின் விளிம்பில் வரிசையாக நிற்கும் சிறு பருக்கள் வேறு. 17ஆம் நூற்றாண்டு இலண்டன் மருத்துவர் எட்வர்டு டைசனின் பெயர் பெற்ற சுரப்பிகளாக அவற்றைச் சிலர் கருதினர். ஆனால் அவற்றில் சுரப்பியே இல்லை. இணைப்புத் திசுவும் நுண்குருதிக் குழாய்களும்தாம் உள்ளன. 1964இல் ஜான்சன், பாக்ஸ்டர் ஆகியோர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘முத்துப் பருக்கள்’ என்பதுதான். பால்வினை மரு என்று இன்றும் இவற்றைத் தவறாக எண்ணுவோர் உண்டு.

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் போன்ற உப்பளக் கரைகளில் உப்புநீரிலும் வெயிலிலும் நின்று உழைப்போருக்குக் கால்வெடிப்பும் அரிப்பும் தொழிலோடு வருபவை. இப்பரல்கள் அப்படிப்பட்டவை அல்ல. உப்போ, வியர்வையோ, அழுக்கோ இவற்றுக்குக் காரணமில்லை. மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரியில் 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியே 1964இல் ஜிப்மர் ஆனது. உயர்தர மருத்துவம் அருகிலேயே இருக்கிறது. தடை வேறு. இந்தியாவில் தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் ஒரே மருத்துவத் துறை. அந்தப் பலகையின் கீழ் வரிசையில் நிற்பதை ஊரார் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம், பையன்களை விடுதி அறை ‘வைத்தியர்’களிடம் அனுப்பிவிடுகிறது. இத்தகைய விளம்பரங்களைத் தடுக்க 1954இலேயே மருந்துகள், மந்திரத் தீர்வுகள் சட்டம் வந்தது. ஆயினும் பேருந்து நிலையச் சுவர்களில் சுவரொட்டிகள் குறைந்தபாடில்லை.

பரல்களை ஊசியால் குத்துவதும் பிதுக்குவதும் புண்ணையும் தழும்பையுமே தரும். இவற்றுக்குச் சிகிச்சை தேவையில்லை. பிறருக்குத் தொற்றவும் மாட்டா. புண், வலி, சீழ், நீர்க்கொப்புளம், வளர்ந்துகொண்டே போகும் மரு ஆகியவை இருந்தால் மட்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுகளுக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ‘சுரக்ஷா கிளினிக்’ என்று பெயரிட்டுள்ளது. அப்பெயரில் நோய் என்ற சொல் இல்லை.