விக்ரம் விழுந்ததுக்கு யார் காரணம்: இன்ஜினா, சாஃப்ட்வேரா?

திருப்பூர் ராயபுரத்துல இருந்து பேசறேன். ஒரு சாஃப்ட்வேர் கிராஷ் ஆனா ஆபீஸ்ல முதல்ல வர்ற கேள்வி, "எந்த மாட்யூல்?" அப்படிங்கறதுதான். அந்தக் கேள்விய நாடே கேட்ட ஒரு ராத்திரி இருக்கு: 2019 செப்டம்பர் 7. இந்த எபிசோட் அதப் பத்தித்தான்.

சந்திரயான்-2ல போன விக்ரம் லேண்டர், நிலாவுக்கு மேல 30 கிலோமீட்டர் உயரத்துல இருந்து இறங்க ஆரம்பிச்சது. 2.1 கிலோமீட்டர் வரைக்கும் எல்லாம் சரியா இருந்துச்சு, அப்பறம் தொடர்பு போயிடுச்சுன்னு அப்போதைய இஸ்ரோ தலைவர் சிவன் அறிவிச்சார். பின்னாடி, நாசா எடுத்த படங்கள்ல ஒரு உடைஞ்ச துண்ட அடையாளம் காட்டினது சென்னையில வேலை பார்த்த இன்ஜினியர் சண்முக சுப்ரமணியன். ஆனா துண்டு கிடைச்சா விழுந்த இடம்தான் தெரியும். ஏன் விழுந்துச்சுங்கறத, இறங்கும்போது வந்த டேட்டாவுலதான் தேடணும்.

அந்தத் தேடலோட முதல் பதில் 2019 நவம்பர்ல மக்களவைக்கு வந்துச்சு. முதல் கட்டத்துல வேகம் நொடிக்கு 1,683 மீட்டர்ல இருந்து 146 மீட்டரா குறைஞ்சது, அது திட்டப்படிதான். இரண்டாவது கட்டத்துல, திட்டமிட்டத விட அதிகமா வேகம் குறைஞ்சிடுச்சு. அதனால அடுத்த கட்டம் தொடங்கும்போதே நிலைமை வடிவமைப்பு வரம்புக்கு வெளியில இருந்துச்சு. அதாவது, பிரச்சினை வெடிச்ச இடம் வேற, ஆரம்பிச்ச இடம் வேற.

முழுசா விளக்கினது 2023 ஜூலையில, அப்ப இஸ்ரோ தலைவரா இருந்த சோமநாத். அவர் மூணு விஷயம் சொன்னார். ஒண்ணு, ஐந்து இன்ஜினும் எதிர்பார்த்தத விடக் கூடுதல் உந்துவிசை கொடுத்துச்சு. பிழை கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துக்கிட்டே வந்துச்சு. ரெண்டு, அதச் சரிசெய்ய லேண்டர் வேகமாத் திரும்ப வேண்டியிருந்துச்சு. அவ்வளவு வேகமான திருப்பத்த யாரும் எதிர்பார்க்காததால, சாஃப்ட்வேர்ல இருந்த வரம்பு அத மட்டுப்படுத்திடுச்சு. மூணு, இறங்க ஒதுக்கின இடம் வெறும் 500க்கு 500 மீட்டர். அங்க போய்ச் சேரணும்னு, தரைக்குப் பக்கத்துல வந்தும் லேண்டர் வேகத்தக் கூட்டிக்கிட்டே போச்சு.

இப்ப சொல்லுங்க, எந்த மாட்யூல்? தனித்தனியாப் பார்த்தா எதுவுமே தனியா விழவைக்கிற தப்பாத் தெரியாது. நம்ம ஊர்ல நூல் லாட் கலந்துட்டா, நிட்டிங்ல ஒண்ணும் தெரியாது. சாயப்பட்டறை போய் வந்தப்பறம்தான் துணியில வரிவரியாத் தெரியும். உடனே சாயக்காரர்தான் திட்டு வாங்குவார். லாக் ஃபைல்ல கடைசி வரியில இருக்கற மாட்யூலும் அந்தச் சாயக்காரர் மாதிரிதான்.

சோதனையே பண்ணலன்னும் சொல்ல முடியாது. நிலா மண்ணுக்குப் பதிலா நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறையப் பொடிச்சு வச்சுப் பார்த்த திட்டம் இது. விட்டுப்போனது, "நாம போட்ட வரம்பையே தாண்டினா என்ன ஆகும்?" அப்படிங்கற கேள்வி.

சந்திரயான்-3 அந்தக் கேள்வியிலதான் தொடங்குச்சு. எது ஜெயிக்கும்னு பார்க்காம, எது எது தோற்கலாம்னு பார்த்து வடிவமைச்சோம்னு சோமநாத் சொன்னார். சென்சார் போனா? இன்ஜின் போனா? கணக்கு தப்பினா? இறங்கற இடம் சுமார் 4க்கு 2.5 கிலோமீட்டரா விரிஞ்சுது. ஐந்து இன்ஜின் நாலாச்சு. வேகத்த அளக்க லேசர் கருவி வந்துச்சு. கால்கள் பலமாச்சு, எரிபொருள் கூடுச்சு. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநரா இருக்க, 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6.04க்கு அது தரையிறங்குச்சு.

ஒரே ஒரு மாட்யூல் மேல பழியப் போட்டு அத மட்டும் திருத்தியிருந்தா, மத்த ரெண்டும் அப்படியே நிலாவுக்குப் போயிருக்கும். அதனால அடுத்த தடவ உங்க டீம்ல கிராஷ் வந்தா, "யாரு?"ங்கறதோட நிறுத்தாதீங்க. "இந்த இன்புட் இங்க எப்படி வந்துச்சு?"ன்னு ஒரு கட்டம் பின்னாடி போய்க் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்ங்க.