கைவிடப்பட்ட கணனியும் கைவிடாத தொழிற்சாலையும்: ஒற்றைப்பலகைக் கணனியின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எது எப்போது தோன்றியது என்பதே முதன்மை வினாவாக அமைய, தோன்றியது எவ்வளவு காலம், எவர் கையில், எத்தேவைக்காக நிலைத்தது என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. கணனியின் வரலாற்றில் இக்குறைபாடு தெளிவாகவே தெரிகிறது. தொழிற்சாலைத் தேவைக்கென ஆக்கப்பட்ட ஒற்றைப்பலகைக் கணனிகளைக் கொண்டு, 1980களிலும் 1990களிலும் வழங்கிய மேசைக் கணனிகளுக்கு ஈடான, சிறிய, ஓசையற்ற பொறிகளை இன்று ஆர்வலர் சிலர் அமைத்து வருகின்றனர். இது வெறும் பொழுதுபோக்காகத் தோன்றலாம். எனினும், இது எவ்வாறு சாத்தியமாயிற்று என்று நோக்குமிடத்து, நவீன உற்பத்தி முறையின் முரண்பாடொன்று புலனாகின்றது. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்ற் 12இல் அறிமுகப்படுத்திய தனியாள் கணனியில் இன்ரெல் 8088 நுண்செயலி 4.77 மெகாஹேற்ஸ் வேகத்தில் இயங்கியது. விரைவாகச் சந்தைக்கு வரும் பொருட்டு, அந்நிறுவனம் உறுப்புகளைப் பிறரிடம் வாங்கியது. சுற்றுப் படங்களையும் அடிப்படைச் செய்நிரலின் முழு வடிவத்தையும் தொழினுட்பக் கைந்நூலில் வெளியிட்டது. இதனால், விரிவாக்க அட்டைகளைப் பிறரும் செய்ய முடிந்தது. 1982இல் கொம்பாக் நிறுவனம் ஒத்தியங்கும் கணனியை அறிவித்தது. 1987இல் உரிமக் கட்டணத்தோடு கூடிய புதிய தரவுப் பாட்டையொன்றைப் புகுத்தி, இழந்த ஆதிக்கத்தை மீட்க ஐ.பி.எம். முயன்றது. 1988இல் போட்டி நிறுவனங்கள் ஒன்பது கூடி அதனை எதிர்த்தன. 1984இல் 16 பிற் அளவுக்கு விரிவுற்றிருந்த பழைய பாட்டைக்கு ‘ஐசா’ என்னும் பெயர் அவ்வேளையிலேயே நிலைபெற்றது. ஒரு நிறுவனத்தின் உடைமையாகத் தோன்றியது, போட்டியின் விளைவாக ஏறத்தாழப் பொதுச்சொத்தாகியது என்பது மனங்கொளத்தக்கது.

பொறியொன்று தேய்வதனால் மட்டும் மதிப்பிழப்பதில்லை. அதனினும் மலிவான அல்லது சிறந்த பொறி தோன்றுவதனாலும் மதிப்பிழக்கின்றது என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில் விளக்கியுள்ளார். மேசைக் கணனி இவ்விதிக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. 1989இல் 486, 1993இல் பென்ரியம் என ஒவ்வொரு தலைமுறையும் முந்தியதைப் பழம்பொருளாக்கியது. 1990களின் இறுதியில் மைக்ரோசொவ்ற், இன்ரெல் ஆகிய நிறுவனங்களின் வடிவமைப்பு நெறிகள் ஐசா பாட்டையையே நீக்குமாறு கூறின. ஆயின், உற்பத்திக் களத்தில் நிலைமை வேறாயிருந்தது. அங்கு கணனி, கடைசல் பொறியையோ அளவைக் கருவியையோ இயக்கும் ஓர் உறுப்பு மட்டுமே. அப்பொறியின் விலை கணனியின் விலையைவிடப் பன்மடங்கு அதிகம். அதற்கென எழுதிச் சோதிக்கப்பட்ட நிரலை மாற்றுவதும் செலவு மிக்கது. எனவேதான், 1985இல் அறிமுகமான 386 நுண்செயலியை இன்ரெல் 2007 வரை உற்பத்தி செய்தது. 1999 டிசம்பரில் ஹபிள் விண்தொலைநோக்கியில் புதிதாகப் பொருத்தப்பட்டதும், சந்தையில் அப்போதே பழையதாகிவிட்ட 486 தான். பரிவர்த்தனை மதிப்பை இழந்த பொருளின் பயன்மதிப்பு அழியாதிருந்தது. இதனை நிலைநிறுத்தியது பழைமைப் பற்றன்று. மூலதனத்தின் சொந்த நலனே என்பதையும் நாம் மறத்தலாகாது.

இத்தேவையே ஒற்றைப்பலகைக் கணனியை வளர்த்தது. அம்ப்ரோ நிறுவனம் 1980களில் வெளியிட்ட ‘சிறுபலகை’, ஐந்தேகால் அங்குல நெகிழ்தட்டுச் செலுத்தியின் மேல் பொருந்துமளவினதாய் இருந்தது. 1992இல் நிறுவனங்கள் பல கூடி ‘பி.சி./104’ நியமத்தை வகுத்தன. அதன்படி, பலகையின் அளவு 90 × 96 மில்லிமீற்றர். ஐசா பாட்டையின் சைகைகள் 104 ஊசிகளினூடு செல்லும். பலகைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கலாம். அதிர்வும் தூசியும் நிறைந்த இடங்களில் சுழலும் உறுப்பே முதலிற் பழுதடையும். ஆதலால், விசிறியின்றி இயங்கும் குறைமின் பலகைகள் விரும்பப்பட்டன. 1990களின் இறுதியில் ரைஸ் நிறுவனம் வடிவமைத்த நுண்செயலியொன்று மேசைக் கணனிச் சந்தையில் தோல்வியுற்றபோதிலும், தைவானில் ‘வோர்ரெக்ஸ்86’ என்னும் தொழிற்றுறைச் சில்லாக மறுவாழ்வு பெற்றது இதற்குச் சான்று.

ஆர்வலரின் பொறி இவ்வடித்தளத்தின் மேலேயே எழுகின்றது. சில உவாற்று மின்சாரமே செலவாவதால், வெப்பத்தை அகற்ற ஓர் அலுமினியத் தகடு போதுமானது. 1994இல் தோன்றிய கொம்பாக்ற் பிளாஷ் அட்டை, பழைய வன்தட்டின் மொழியையே பேசவல்லது. டொஸ் இயங்குதளம் அதனை வன்தட்டாகவே கொள்ளும். இவ்வாறு விசிறியின் இரைச்சலும் தட்டின் ஓசையும் ஒருங்கே நீங்குகின்றன. ஆனால், ஒலியின் பிரச்சினை அத்துணை எளிதன்று. சிங்கப்பூர் நிறுவனமொன்று 1989இல் வெளியிட்ட ‘சவுண்ட் பிளாஸ்ரர்’ அட்டை, ஐசா பாட்டையின் வழியே நினைவகத்தை நேரடியாக அணுகியது. பின்வந்த பாட்டைகளில் இவ்வழி நேராக அமையவில்லை. தொழிற்றுறைப் பலகைகளிலோ அது எஞ்சியிருக்கிறது. வேகமும் ஒரு பிரச்சினையே. ரேர்போ பஸ்காலில் எழுதப்பட்ட நிரல்கள் பல, ஏறத்தாழ 200 மெகாஹேற்ஸைத் தாண்டிய கணனிகளில், காலத்தாமதத்தைக் கணிக்கும் வகுத்தல் வரம்பு மீறியதால் தொடக்கத்திலேயே நின்றுபோயின. ஆகவே, வேகத்தைக் கூட்டுவதன்று, குறைப்பதே இங்கு திறமையாகின்றது.

பாவனை மென்பொருள்கள் இருக்கையில் இவ்வுழைப்பு எதற்கு என்று வினவலாம். 2002இல் வெளிவந்த ‘டொஸ்பொக்ஸ்’ முதலியன பல தேவைகளை நிறைவு செய்கின்றன என்பது உண்மையே. எனினும், பாவனை மெய்யானதா என்று ஒப்புநோக்குவதற்கு மூலம் வேண்டும். பழைய அட்டைகளையும் கருவிகளையும் இணைப்பதற்கு மெய்யான பாட்டை வேண்டும்.

இவ்வினா தமிழாய்வுக்கும் புறம்பானதன்று. கனடாவில் உருவான ‘ஆதமி’, மலேசியாவில் உருவான ‘முரசு’ முதலிய தமிழ்ச் சொற்செயலிகள் 1980களில் இவ்வகைக் கணனிகளுக்கென எழுதப்பட்டன. யுனிகோட் நியமத்தில் 1991இல் தமிழ் இடம்பெற்ற பின்னரும், அது பரவலான வழக்குக்கு வரும்வரை, வெவ்வேறு குறியேற்றங்களிலேயே தமிழ் தட்டெழுதப்பட்டு வந்தது. அக்காலக் கோப்புகளை எழுதிய நிரலும், அந்நிரல் இயங்கும் பொறியும் இல்லாதவிடத்து, அவை வெறும் எண்களாகவே எஞ்சும். நெகிழ்தட்டுகளின் காந்தப்படலமோ நாளுக்கு நாள் நலிவுறுகின்றது.

தொழிற்றுறைப் பலகைகளும் என்றென்றும் கிடைக்கப்போவதில்லை. அவற்றை நிலைநிறுத்திய இலாபக் கணக்கு மாறும் நாளில் உற்பத்தியும் நின்றுவிடும். அதன் பின்னரும் மீளாக்கம் நிகழுமாயின், அது பொறியின் அமைப்பு ஏட்டில் எழுதப்பட்டுப் பலரறிய வெளியிடப்பட்டமையால் மட்டுமே நிகழும். 1981இன் பொறியை இன்று நாம் திரும்ப ஆக்கக்கூடியதாயிருப்பதற்கு, அது சிறந்த பொறியாயிருந்தமையன்று, அதனைப் பற்றிய அறிவு மறைக்கப்படாதிருந்தமையே காரணம். மறைத்து விற்கப்படும் இன்றைய கருவிகளின் வரலாற்றை நாளை எழுதப் புகுவோர்க்கு இவ்வாய்ப்பு வாய்க்குமா என்பது ஐயத்துக்குரியதே.