செம்புத் தடமும் தங்கவயலும்

நடைபயணத்துக்கென்று இன்று வரைபடங்களில் குறிக்கப்படும் பாதைகள் பலவும் நடப்பவர்களின் இன்பத்துக்காகப் போடப்பட்டவை அல்ல. உப்பு வணிகர் சென்ற தடங்கள் உண்டு. படைகள் சென்ற வழிகள் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வால் மாவட்டத்தின் உட்பகுதிப் பாதைகள் பலவற்றைப் போட்டவை செம்பும் வெள்ளீயமும்தான். கார்ன்வாலையும் அதனையடுத்த மேற்கு டெவனையும் சேர்ந்த பத்துச் சுரங்கப் பகுதிகளை யுனெஸ்கோ 2006ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று ஆயிரக்கணக்கானோர் முதுகுப்பையுடன் அங்கு நடக்கின்றனர். அப்பாதைகளுள் ஒன்றன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் நாம் வந்து சேரும் இடம் கோலார் தங்கவயல் என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

கார்ன்வாலின் கருங்கல் நிலத்தில் வெள்ளீயம் எடுக்கும் தொழில் மிகப் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டில் செம்பு முதலிடம் பெற்றது. தாதுநரம்பைத் தொடர்ந்து கீழே செல்லச் செல்லச் சுரங்கத்தில் நீர் நிறைந்தது. எனவே அந்நிலத்தின் தொழில்நுட்ப வரலாறு முழுவதையும் நீரோடு நடத்திய போர் எனலாம். 1748இல் தொடங்கப்பட்ட நீர்வடி சுரங்கம் ஒன்று, கிளைகள் விட்டு வளர்ந்து, அறுபது கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்களின் நீரை வெளியேற்றியது. அதற்கும் கீழேயுள்ள ஆழங்களிலிருந்து நீரை மேலேற்ற நீராவி எந்திரங்கள் வந்தன. உயர் அழுத்த நீராவியைப் பழக்கி, 1801இல் கேம்போர்ன் நகரில் சாலை வண்டியொன்றை ஓட்டிக் காட்டிய ரிச்சர்ட் டிரெவிதிக், சுரங்க மேலாளர் ஒருவரின் மகன். இன்று கேம்போர்ன், ரெட்ரூத் நகரங்களுக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சுற்றிவரும் ‘கிரேட் ஃப்ளாட் லோட்’ பாதையில், கூரையிழந்த எந்திரக்கூடங்கள் புகைபோக்கிகளோடு வரிசையாக நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவர் அவற்றைப் பாழடைந்த தேவாலயங்கள் என்றே எண்ணக்கூடும்.

தாதுவைத் துறைமுகம் சேர்ப்பது அடுத்த சிக்கல். உருக்குவதற்கு வேண்டிய நிலக்கரி கார்ன்வாலில் இல்லை. ஆகவே தாது கப்பலேறி வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகருக்குச் சென்றது. எந்திரங்களுக்கான நிலக்கரி அங்கிருந்து திரும்பி வந்தது. முதலில் கோவேறு கழுதைகள் சுமந்தன. 1809இல் போர்ட்ரீத் துறைமுகத்திலிருந்து குதிரைகள் இழுக்கும் தண்டவாளப் பாதை ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் ரெட்ரூத்திலிருந்து தெற்கே டெவோரன் துறைமுகம் வரை, 1824இல் நாடாளுமன்றச் சட்டம் பெற்று, இன்னொரு இருப்புப்பாதை எழுந்தது. 1854 வரை குதிரைகளும், அதன்பின் நீராவி எஞ்சின்களும் அதில் வண்டிகளை இழுத்தன. 1915இல் அது மூடப்பட்டது. இவ்விரு தடங்களையும் சார்ந்தே இன்றைய நடைவழிகள் அமைந்துள்ளன.

ரெட்ரூத் இருப்புப்பாதையை முன்னின்று உருவாக்கியவர் ஜான் டெய்லர் (1779-1863). பத்தொன்பது வயதிலேயே டெவனில் செம்புச் சுரங்கமொன்றின் பொறுப்பை ஏற்றவர். குவெனப் பகுதியில் அவர் நடத்திய பெருஞ்சுரங்கத்தின் செம்பைக் கடலுக்குக் கொண்டு செல்லவே இப்பாதை தேவைப்பட்டது. இவர் பெயரை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

இந்நிலத்தில் நடப்பவரின் கண்ணுக்கு முதலில் படுவது அழகு. அடுத்துப் படுவது வடு. ஆர்சனிக் என்னும் நஞ்சைத் தாதுவிலிருந்து பிரித்தெடுத்த உலைகளின் சுவர்கள் பாதையோரங்களில் இன்னும் நிற்கின்றன. 1991இல் மூடப்பட்ட ‘வீல் ஜேன்’ சுரங்கத்தில் தேங்கிய நீர், 1992 ஜனவரியில் உடைத்துக்கொண்டு கார்னன் பள்ளத்தாக்கின் வழியே கழிமுகம் வரை செம்பழுப்பாய் ஓடியது. ‘வீல்’ என்பது கார்னிய மொழியில் வேலையிடத்தைக் குறிக்கும் சொல். மக்கள் வழக்கிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டளவில் மறைந்த அம்மொழி, சுரங்கங்களின் பெயர்களில் மறையாமல் தங்கிவிட்டது. சுரங்க மேட்டில் வெள்ளைத் தலைத்துணி அணிந்து, சுத்தியலால் தாதுக்கல்லை உடைத்த பெண்களுக்கு ‘பால் மெய்டன்’ என்று பெயர். ‘பால்’ என்பதும் சுரங்கத்தைச் சுட்டும் சொல்லே.

மேற்குக் கடற்கரைப் பாதையில் லெவன்ட் சுரங்கம் இருக்கிறது. அதன் சுரங்கவழிகள் கடலுக்கு அடியில் நீண்டவை. தொழிலாளர்கள் ஏறியிறங்க, படிகள் பொருத்திய நீண்ட தண்டு ஒன்று மேலும் கீழும் அசைந்துகொண்டிருக்கும். அவர்கள் படிக்குப் படி மாறி மேலே வரவேண்டும். 1919 அக்டோபர் 20 அன்று, வேலை முடிந்து அவர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது தண்டின் மேலிணைப்பு முறிந்தது. 31 பேர் மாண்டனர். இன்று அங்கு வருவோர் அச்செய்தியை அறியாமல் திரும்புவதில்லை.

1860களில் செம்பின் விலை சரிந்தது. சிலி, மிச்சிகன், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் வளமான தாதுக்களோடு கார்ன்வால் போட்டியிட முடியவில்லை. தாது சென்ற வழியிலேயே இப்போது மனிதர்கள் வெளியேறினர். தென் ஆஸ்திரேலியாவின் மூண்டா, கலிபோர்னியாவின் கிராஸ் வேலி என அவர்கள் குடியேறிய ஊர்கள் பல. அவ்வூர்களின் வரிசையில் ஒன்று நம்முடையது.

ஜான் டெய்லர் மறைந்தபின் அவர் வழிவந்தோர் நடத்திய ‘ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்’ நிறுவனம், 1880இல் மைசூர் சமஸ்தானத்துக் கோலாரில் சுரங்கப் பொறுப்பை ஏற்றது. முதல் சில ஆண்டுகள் பணமே கரைந்தது. பின்னர் சாம்பியன் ரீஃப் தங்க நரம்பு அகப்பட்டது. கார்ன்வாலின் தொழில்முறையும், மேற்பார்வை செய்யும் கார்னியரும் உடன் வந்தனர். உள்ளே இறங்கியோரில் பெரும்பகுதியினர் தமிழர். 1876-78 பஞ்சத்தின் வடு ஆறாத வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர் அவர்களுள் மிகுதி. மூங்கில் தட்டிக் குடிசைகளில் வாழ்ந்து, மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை அவர்கள் தோண்டினர். 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரியின் மின்சாரம் வந்தது முதலில் அவர்களின் குடிசைகளுக்கன்று, சுரங்கத்துக்கே. பாறை வெடித்துச் சிதறும் விபத்துகளும், நுரையீரலில் படியும் கல்தூசும் அவர்களுக்குக் கிடைத்த உபரி. அக்கல்தூசு கார்னியரையும் கொன்றது. 1904இல் அவர்களின் நோயை ஆராய்ந்து பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை அளிக்கப்பட்டது. நம்மவரின் நோய் உரிய கவனம் பெற 1940கள் ஆயின.

அதே மக்கள் இன்னொன்றையும் தோண்டியெடுத்தனர். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் நின்றுபோனபின், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரின் பொறுப்பில் மீண்டும் வெளிவந்தது தங்கவயலிலிருந்துதான். பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கிய சித்தார்த்தா புத்தகசாலை இயங்கியதும் அங்கேதான். பகலெல்லாம் பூமிக்கடியில் கிடந்தவர்களின் கூலிக் காசு அச்செழுத்தாயிற்று. அதனால்தான் அயோத்திதாசரை நாம் இன்று படிக்க முடிகிறது. நவீனத் தமிழ்ச் சிந்தனையின் வரலாற்றை எழுதுவோர் சென்னையையும் கும்பகோணத்தையும் நினைக்கும் அளவுக்கு மாரிக்குப்பத்தை நினைப்பதில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் சுரங்கங்கள் மூடப்பட்டன. கார்ன்வாலின் இறுதி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி மூடப்பட்டது அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1998இல். ஏறத்தாழ ஒரே காலத்தில் முடிந்த இரு வரலாறுகள். ஒன்று எட்டே ஆண்டுகளில் உலகப் பாரம்பரியம் ஆயிற்று. மற்றொன்று திரைப்படப் பாட்டுக்குப் பின்னணியாகும் சயனைடு மேடுகளாக நின்றது. அம்மேடுகளில் எஞ்சிய பொன்னைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மேடுகளும் கரைந்துவிட்டால், ஆழத்தைக் கண்ணுக்குக் காட்டும் அளவுகோலும் இல்லாமற்போகும். பொன்னுக்காகப் போடப்பட்ட மாரிக்குப்பம் இருப்புப்பாதையில் ஒவ்வொரு விடியலிலும் தங்கவயலின் பிள்ளைகள் பெங்களூருக்குக் கூலிக்குச் செல்கின்றனர்.

கார்ன்வாலின் பாதைகளும் குற்றமற்றவை அல்ல. அங்கு நடப்பவர், அந்நிறுவனம் ஈட்டிய செல்வத்தின் மறுமுனையில் ஒரு தமிழ்க் குடிசை இருந்ததென்பதை எளிதில் அறியமாட்டார். ஆயினும் அவர்கள் தம் இறந்தோரின் எண்ணிக்கையையாவது வழிநெடுகச் சொல்லி வைத்திருக்கின்றனர். நடைபாதை என்பது பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. ஒரு சமூகம் தன் உழைப்பை மறக்க மறுப்பதன் வடிவமும் அதுவே.

சாம்பியன் ரீஃபிலிருந்து மாரிக்குப்பத்துப் புத்தர் கோயில் வரை நடப்பதற்கு ஒரு வழி. அதன் ஓரங்களில் சுரங்க வாய்களின் பெயர்கள், இறந்தோரின் பெயர்கள், ‘தமிழன்’ அச்சான இடத்துக்கு ஒரு கல். நாம் கேட்பது இவ்வளவுதான். சுரங்கத்தில் இறங்கிய கடைசித் தலைமுறையினர் முதுமையில் இருக்கின்றனர். அவர்கள் நினைவிலிருந்து கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.