ஓவியத்தின் விலையும் மதிப்பும்

கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் முருங்கன் வயல்களில் நெல்லை மதிப்பிட வருபவர் மூட்டையின்மேல் எழுதிய பெயரைப் பார்த்து விலை கூறுவதில்லை. ஒரு பிடி அள்ளி, உமி நீக்கி, மணியைப் பல்லிற் கடித்து, காய்ச்சலையும் பதரையும் அறிந்த பின்னரே விலை பேசுவர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சு நாட்டில் தீட்டப்பெற்ற உருவ ஓவியங்களை மதிப்பிடுவதற்கும் இந்த நிதானமே வேண்டும். அது தவறியமையால் விளைந்த தடுமாற்றத்துக்குப் பேர்னார் பூஃபே என்னும் ஓவியரின் வரலாறு நல்ல சான்றாகும்.

பூஃபே 1928ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் பிறந்தவர். ஜேர்மானியர் ஆட்சியில் அந்நகரம் பசியும் குளிரும் அனுபவித்த காலத்தில் வளர்ந்தவர். வற்றி மெலிந்த மனிதர், வெறுமையான மேசை, சாம்பல் நிறம், கூரிய கருங்கோடு ஆகியவை அவருடைய ஓவியங்களின் அடையாளங்கள். உருவத்தைத் துறந்த அருவ ஓவியம் மேலோங்கிய அந்நாளில், மனிதனையே வரையவேண்டும் என்று லோர்ஜூ முதலானோர் 1948இல் ஓர் அணியாயினர். 'சாட்சியாக நிற்கும் மனிதன்' என்பது அவ்வணியின் பெயர். பூஃபேயும் மறு ஆண்டு அதனுடன் இணைந்தார். 1948ஆம் ஆண்டின் விமரிசகர் பரிசை அவரும் லோர்ஜூவும் பகிர்ந்துகொண்டனர். அப்போது பூஃபேயின் வயது இருபது.

1955இல் ஒரு கலை இதழ் நடத்திய வாக்கெடுப்பில், போருக்குப் பிந்திய ஓவியருள் முதலிடம் அவருக்குக் கிடைத்தது. செல்வம் குவிந்தது. அவர் வாங்கிய ரோல்ஸ்ரோய்ஸ் காரையும் இதழ்கள் படம் பிடித்துக் காட்டின. வறுமையை வரைந்தவர் வளமாக வாழலாமா என்ற முணுமுணுப்பு எழுந்தது; ஒரே வகையைத் திரும்பத் திரும்பத் தீட்டுகிறார் என்ற குறையும் சேர்ந்தது. விமரிசகர் பலர் முகந்திருப்பினர். ஆயினும் யப்பானில் 1973இல் அவர் பெயரால் ஓர் அரும்பொருட்சாலையே திறக்கப்பட்டது. அவர் 1999இல் மறைந்தார். பாரிஸ் நகர நவீன கலைக்கூடம் 2016இல் அவருடைய ஓவியங்களைத் திரட்டிப் பெருங்காட்சி நடத்தியது. புகழப்பட்டதும் இகழப்பட்டதும் மீண்டும் போற்றப்பட்டதும் அதே ஓவியங்களே. மாறியவை பார்த்தவர் கண்கள்.

ஆகவே, அறிந்த மதிப்பீட்டாளர் கையொப்பத்திலிருந்து தொடங்குவதில்லை. கையொப்பத்தைப் போலியாகவும் இடலாம். முதலில் துணியைப் புரட்டிப் பின்புறத்தை நோக்குவர். சட்டத்தின் மரம், பழைய ஆணிகள், காட்சிசாலைச் சீட்டுகள் ஆகியவை ஓவியம் கடந்து வந்த வழியைச் சொல்லும். பின்னர் வண்ணப் பூச்சின் வெடிப்புகளை ஆராய்வர். புற ஊதாக் கதிரின் கீழ், பிற்காலத்தார் திருத்திய இடங்கள் பெரும்பாலும் கருமையாகத் தோன்றும். இறுதியிலேயே, கோடு உயிருள்ளதா, பழக்கத்தால் இழுக்கப்பட்டதா என்ற கேள்வி எழும். அதற்குக் கருவி இல்லை, கண்பயிற்சியே வேண்டும்.

இப்பாடம் இலங்கைக்கும் உரியது. பூஃபே புகழேணியில் ஏறிக்கொண்டிருந்த 1953ஆம் ஆண்டிலேயே, பத்தாண்டுகளுக்கு முன் கொழும்பில் தோன்றிய '43 குழு' ஓவியரின் படைப்புகள் பாரிஸின் பெத்தி பலே மண்டபத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ் முதலானோர் அக்குழுவினர். பாரிஸ் பாராட்டியதா என்று கேட்டு அவர்களை மதிப்பிடுவது, மூட்டையின் பெயரைப் படித்து நெல்லை வாங்குவதை ஒக்கும். மணியைக் கையில் எடுத்துப் பார்க்கும் கடமை இந்நாட்டவருடையதே.