ஆரணித் தறியும் சென்னைக் கணிதமும்



ஆரணியில் தறிச் சத்தத்துக்கு நடுவே கணக்குப் போட்டு வளர்ந்தவன் நான். 1991-ல் நம் கல்லூரியில் கணிதப் பட்டம் பெற்றேன். "மேல என்ன படிக்கலாம்?" என்று கேட்க ஆளில்லை, தறிக்கே திரும்பினேன். தலைநகரில் கணிதத்துக்கென்றே ஓர் இடம் உருவாகி வந்தது எனக்குத் தெரியாது.

1989-ல் ஸ்பிக் உர நிறுவனத்தின் அறிவியல் அறக்கட்டளையில், காஞ்சிபுரத்தில் பிறந்த கணித மேதை சி.எஸ்.சேஷாத்ரி கணிதப் பிரிவொன்றைத் தொடங்கினார். அதுவே இன்றைய சென்னை கணிதவியல் கழகம். ஆராய்ச்சி செய்பவர்களே இளநிலை மாணவருக்கும் பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். 1998-ல் பி.எஸ்சி. தொடங்கியபோது பட்டம் தரும் உரிமை இல்லை. மத்தியப் பிரதேச போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது. 2005-ல் தி.நகரிலிருந்து சிறுசேரிக்குக் குடிபெயர்ந்து, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. சேஷாத்ரி 2020-ல் மறைந்தார்.

"பாவு சரியா அமைஞ்சாத்தான்டா புடவை சரியா வரும்" என்பார் அப்பா. அங்கே 17 ஆண்டுகள் பாவு போட்டிருக்கிறார்கள்!

தம்பி, தங்கைகளே! எம்.எஸ்சி.க்கு அங்கே நுழைவுத் தேர்வு உண்டு. எழுதித்தான் பாருங்களேன். எனக்குத் தெரியாமல் போன வாசல் உங்களுக்காவது திறக்கட்டும்.