தஞ்சை ஜில்லா போர்டின் இருப்புப்பாதை

உள்ளூர்ப் போக்குவரத்துக்குத் திட்டமிட வேண்டியது மைய அரசா, ஊராட்சி மன்றமா என்னும் வினா புதியதன்று. காவிரிக் கழிமுகத்து உழவர்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே அதற்குப் பணங்கொடுத்து விடை கண்டனர்.

நாகப்பட்டினத்திலிருந்து மேற்கே தஞ்சைக்கு 1861-ஆம் ஆண்டிலேயே புகைவண்டி ஓடிற்று. அது இந்திய அரசு வட்டிக்கு உறுதி கூறி, ஆங்கிலக் கம்பெனி ஒன்று போட்ட பாதை. தெற்கே திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வட்டாரங்களுக்கு அத்தகைய பாதை கிடைக்கவில்லை. 1884-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஜில்லா போர்டு இக்குறையைத் தானே தீர்க்க முனைந்தது. நிலத்தீர்வையில் ரூபாய்க்கு மூன்று பைசு வீதம் தனி வரி தண்டப்பட்டது. ரூபாய்க்கு 192 பைசு ஆதலின் இது அறுபத்து நான்கில் ஒரு பங்கு. தனித்தனியே பார்த்தால் சிறிது, ஜில்லா முழுதும் திரண்டால் பெரிது.

மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல் மீட்டர் வழிப்பாதை 1894 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1903 இறுதியில் அது அறந்தாங்கியை எட்டியது. பாதை போர்டின் உடைமை. வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பொதுமக்களை ஏற்றுமுன் ஆய்ந்து இசைவளிக்கும் உரிமை இந்திய அரசினுடையது. இடையே பேரளத்திலிருந்து காரைக்காலுக்குப் பிரெஞ்சு ஆட்சியினர் 1898-இல் ஒரு கிளை போட்டனர். ஒரு சிறு நிலப்பகுதியில் எத்தனை ஆட்சிகளின் கை!

இதனை மக்களாட்சியின் வெற்றி என்று ஒரேயடியாகப் புகழ்வது பொருந்தாது. அக்காலத்தில் போர்டின் தலைவர் ஜில்லாக் கலெக்டரே. ஆகவே அரசின் ஒரு கை கேட்டது, மறு கை கொடுத்தது என்று சொல்வாரும் உண்டு. வரி செலுத்தியவனோ நிலமுடையவன். வண்டியேறியவரில் நிலமற்ற கூலியாளும், வணிகரும் இருந்தனர். எனினும், தண்டிய பணம் தண்டிய ஜில்லாவிலேயே தண்டவாளமாய்க் கிடந்தது என்பது மறுக்கவொண்ணாதது. சென்னை மாகாணத்தின் வேறு சில ஜில்லா போர்டுகளும் பின்னர் இவ்வழியைப் பின்பற்றின. கிருஷ்ணா ஜில்லா போர்டின் பெசவாடா–மசூலிப்பட்டணம் பாதை அவற்றுள் ஒன்று.

மலாயாவுக்குக் கப்பலேற நாகப்பட்டினம் சென்ற முத்துப்பேட்டையார், 1894 முதல் திருவாரூரில் வண்டி மாறித் துறையை அடைய முடிந்தது. அவர்கள் அமர்ந்து சென்ற முதல் வண்டி, தம் ஜில்லாவின் நிலவரியால் எழுந்த பாதையில் ஓடியது.