17 பாற்கட்டிகளில் தொடங்கிய சாம்ராஜ்யம்

1933 ஒக்டோபர் 19. பிரான்சின் மேற்கே லவால் என்ற ஊரில் அந்த்ரே பெனியே 35 லீற்றர் பாலில் 17 கமொம்பேர் பாற்கட்டிகள் செய்தார். தொடக்கம் அவ்வளவுதான். இன்று அந்தக் குடும்பத்தின் லக்டலிஸ், உலகின் மிகப்பெரிய பாற்பொருள் கொம்பனி.

எப்படி இவ்வளவு வளர்ந்தது? 1955இல் தந்தை இறக்க, மகன் மிஷேல் பொறுப்பேற்றார். 1968இல் 'பிரெசிடென்ட்' என்ற பெயரை அறிமுகப்படுத்தினார். பண்ணைக்குப் பண்ணை சுவை மாறுகிற ஒரு பண்டம், நாடு முழுக்க ஒரே பெட்டியில் ஒரே சுவையோடு விற்பனைக்கு வந்தது. பிறகு மற்றக் கொம்பனிகளை விலைக்கு வாங்குவதே வளரும் வழியாயிற்று. 1990இல் பிரிடெல், 2006இல் இத்தாலியின் கல்பானி, 2011இல் பர்மலாட். 2000இலிருந்து தலைமையில் இருப்பவர் பேரன் இம்மானுவேல். தாய்க் கொம்பனி பங்குச்சந்தைக்குப் போகவே இல்லை. நீண்டகாலம் கணக்குகளையும் வெளியே காட்டவில்லை.

'குடும்பத் தொழில்' என்றதும் எங்களுக்கு ஒரு நெருக்கம் வரும். ஆனால் பால் குடுக்கிறவர்களுக்கும் குடும்பம் இருக்குத்தானே? 2016 ஓகஸ்டில், விலை கட்டுப்படியாகாத பண்ணையாளர்கள் உழவு இயந்திரங்களோடு வந்து லவாலில் லக்டலிசை மறித்தார்கள். அடுத்த வருசக் கடைசியில் குழந்தைப் பால்மாவில் சல்மொனெல்லா கிருமி. 80க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து மா திருப்பியெடுக்கப்பட்டது.

ஆகவே, இந்த வரலாற்றை நாம் முதலாளிகளின் மூன்று தலைமுறைக் கதையாக மட்டும் வாசிக்க ஏலாது. பால் கறந்த குடும்பங்களின் தலைமுறைகளும் அதுக்குள்ள இருக்கு.